முன்ஷி–அய்யங்கார் சூத்திரம்: பதினைந்து ஆண்டுக் கெடு யாரைக் காப்பாற்றியது?

1. பொருநைக்கரை

சென்ற வாரம் அரசமைப்பு நாளை ஒட்டி எங்கள் ஊர்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி நடந்தது. வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். பேசிய பதினோரு பிள்ளைகளில் ஒன்பது பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "நம் தலைவர்கள் ஒரே மனதோடு அரசமைப்புச் சட்டத்தை எழுதினார்கள்." யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

ஒரே மனம் இருந்திருந்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் எதற்கு? அந்தச் சட்டம் பேரம் பேசி எழுதப்பட்டது. பேரம் பேசியதுதான் அதன் பெருமை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஆட்சிமொழிப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1946 டிசம்பர் 10, அரசமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை கூடிய இரண்டாம் நாள். ஆர்.வி.துலேகர் என்ற உறுப்பினர் எழுந்து, இந்துஸ்தானி தெரியாதவர்களுக்கு இந்தச் சபையில் உட்காரத் தகுதியில்லை, அவர்கள் போகலாம் என்று பேசினார். 1948 நவம்பர் 5 அன்று நம் டி.டி.கிருஷ்ணமாச்சாரி அந்தப் போக்குக்குப் பதில் சொன்னார்: முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை ஐக்கிய மாகாணத்து (இன்றைய உத்தரப் பிரதேசம்) நண்பர்களே முடிவு செய்துகொள்ளட்டும். இதைச் சொன்னவர் பிரிவினைவாதி அல்லர், வரைவுக் குழுவில் இருந்த மனிதர். நாடு இரண்டாக உடைந்து பதினைந்து மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அந்த நேரத்தில் அப்படி ஒரு சொல் சபையில் விழுந்தது என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1949 செப்டம்பர் 12ஆம் தேதி என்.கோபாலசாமி அய்யங்கார், முன்ஷி–அய்யங்கார் சூத்திரம் என்று பெயர்பெற்ற ஆட்சிமொழிச் சமரசத்தைச் சபையில் வைத்தார். அதை அவரோடு சேர்ந்து உருவாக்கியவர் கே.எம்.முன்ஷி. ஒருவர் தமிழர், மற்றவர் குஜராத்தி, இருவருக்கும் இந்தி தாய்மொழி அல்ல. தேவநாகரியில் எழுதும் இந்தி ஒன்றியத்தின் ஆட்சிமொழி. எண்கள் மட்டும் நாம் எழுதும் 1, 2, 3. ஆங்கிலம் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடரும். மாநிலங்கள் தத்தம் மொழியைத் தேர்ந்துகொள்ளலாம். முந்நூறுக்கு மேற்பட்ட திருத்தங்கள் குவிந்தன. மூன்று நாள் வாக்குவாதத்துக்குப் பின் 14ஆம் தேதி மாலை ஒருவழியாக நிறைவேறியது.

தேசியமொழி என்ற சொல் அதில் இல்லை. 'ஒன்றியத்தின் ஆட்சிமொழி' என்றுதான் இருக்கிறது. அந்த ஒரு சொல்லைத் தவிர்க்க வைத்ததே பெரிய வெற்றி. எண்ணிக்கை வடக்கின் பக்கம் இருந்தபோது, தெற்கின் கையில் இருந்தது கொஞ்சம் காலமும் கொஞ்சம் பிடிவாதமும்தான். அதை வைத்து இவ்வளவு வாங்கியவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

2. தென்முனை

ஐயா, உங்கள் வயதுக்கும் படிப்புக்கும் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் வெற்றி என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

பதினைந்து ஆண்டு என்றால் என்ன? குடியரசான நாளிலிருந்து எண்ணினால் 1965 ஜனவரி 26, ஆங்கிலத்தின் கெடு முடியும் நாள். அன்றைக்கு என் அப்பாவுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரி விடுதியில் இருந்தார். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்துக்குப் போனவரைத் தடியால் அடித்ததில் இடது முழங்கை உடைந்தது. சரியாகக் கூடாத அந்தக் கையோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். சட்டைப் பித்தானை அம்மாதான் போட்டுவிடுவார். நீங்கள் சொல்லும் 14ஆம் தேதி மாலை, சபையில் கைகுலுக்கிக் கலைந்தவர்கள் யாருக்கும் முழங்கை உடையவில்லை. அன்றைக்கு என் அப்பாவுக்கு மூன்று வயது. பேரத்தில் அவரை அடகு வைத்துவிட்டுப் போனார்கள். திருச்சியில் 1964இல் கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளித்து இறந்ததும் இந்தக் கெடுவை எண்ணித்தான்.

சட்டத்தின் போக்கையும் பாருங்கள். ஐந்தாம் ஆண்டில் ஓர் ஆணையம், பத்தாம் ஆண்டில் இன்னோர் ஆணையம் என்று பிரிவு 344 சொல்கிறது. எதற்கு? இந்தியைப் படிப்படியாக எப்படி அதிகமாக்குவது, ஆங்கிலத்தை எப்படிக் குறைப்பது என்று பரிந்துரைக்க. இந்தியைப் பரப்புவது ஒன்றியத்தின் கடமை என்கிறது பிரிவு 351. தமிழைப் பரப்புவது யார் கடமை என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. இந்தப் படிக்கட்டில் ஏறத்தான் வழி உண்டு, இறங்க வழியில்லை.

அதைச் செய்தவர்களுக்கு நம் சார்பில் பேச யார் உரிமை கொடுத்தது? 1946 தேர்தலில் சொத்தோ படிப்போ வரியோ இருந்தவர்களுக்குத்தான் வாக்கு. அந்த வாக்கில் வந்த மாகாணச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள்தான் அந்தச் சபையில் இருந்தார்கள். முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை 1938இல் நடத்திய இயக்கத்தின் குரல் அங்கே ஒலிக்கவே இல்லை.

கடைசியில் இந்தி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் வென்றது. ஒரு வாக்கு! இதற்குப் பெயர் ஒப்பந்தமா?

3. செங்காந்தள்

தென்முனை, உங்கள் அப்பாவின் கையைப் பற்றிப் படித்த பிறகு இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு வாக்குக் கதையைத் திருத்தியாக வேண்டும். மேடைகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது, எதிரணியினர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற நியாயங்களையும் தட்டிவிடுகிறார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவில்லை. இந்தக் கதைக்கு மூலம், அம்பேத்கர் 1955இல் மொழிவாரி மாநிலங்கள் பற்றி எழுதியது. காங்கிரஸ் கட்சியின் உள்கூட்டத்தில் 78க்கு 78 என்று சமமாக வந்து, மறுமுறை 78க்கு 77 என்று இந்தி வென்றதாக அவர் எழுதுகிறார். அதுவும் கட்சிக் கூட்டம், சபை அல்ல. அந்த நெருக்கமான வாக்குகள் எண்களைப் பற்றியவை, இந்தியைப் பற்றியவை அல்ல என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

எண்களா என்று இன்றைக்கு வியப்பாக இருக்கலாம். சபை நடவடிக்கைகளை நான் ஆய்வுக்காகப் பக்கம் பக்கமாகப் படித்து வருகிறேன். இந்தியும் தேவநாகரியும் வரும் என்பதைத் தென்னக உறுப்பினர்கள் பலர் மனத்தளவில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். எண்களில்தான் காலூன்றி நின்றார்கள். கணக்குப் புத்தகம், பஸ் எண், வங்கி ரசீது, அறிவியல் பாடம் எல்லாவற்றிலும் 1, 2, 3 புழங்கிக்கொண்டிருந்தது. அதையும் தேவநாகரி எண்களாக மாற்று என்றபோது, இதற்கு மேல் விட்டுக்கொடுத்தால் எங்கே நிற்பது என்ற கேள்வி வந்துவிட்டது. சட்டத்தில் அந்த எண்களுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'இந்திய எண்களின் சர்வதேச வடிவம்.' இந்தியாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாக உலகம் சுற்றிய எண்கள் அவை என்று சொல்லி, எதிர்த்தவர்களுக்கும் தலைநிமிர்ந்து கையெழுத்திட ஓர் இடம் கொடுத்தார்கள். எனக்கு இந்தச் சொற்றொடர் மீது மிகுந்த மதிப்பு உண்டு.

இன்னொன்று. இறங்க வழியில்லை என்றீர்கள். இருந்தது. பிரிவு 343இன் மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் ஆங்கிலத்தைத் தொடர நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிறது. 1963இன் ஆட்சிமொழிச் சட்டம் பிறந்தது அந்தக் கதவு வழியாகத்தான். அந்த உட்பிரிவு இல்லையென்றால், 1965இல் ஆங்கிலத்தைக் காப்பாற்ற அரசமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்திருக்கும். மூன்றில் இரண்டு பங்கு எங்கிருந்து வரும்?

4. பொருநைக்கரை

தம்பி தென்முனை, உங்கள் அப்பாவை நான் மறக்கவில்லை. என் அண்ணனும் அந்த ஆண்டு ஊர்வலத்தில் போனவர்தான், அடிபடாமல் திரும்பினார். அதனால்தான் நான் இப்படிப் பேச முடிகிறதோ என்னவோ.

ஆனால் செங்காந்தள் அம்மா சொன்ன அந்த மூன்றாம் உட்பிரிவைத்தான் நான் பேரத்தின் உயிர் என்கிறேன். 1959 ஆகஸ்டில் நேரு உறுதிமொழி கொடுத்தார், இந்தி பேசாதவர்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும், முடிவு அவர்கள் கையில் என்று. அதை உறுதியாக்க 1967இல் ஆட்சிமொழிச் சட்டமே திருத்தப்பட்டது. 1976இன் ஆட்சிமொழி விதிகளின் முதல் விதியிலேயே, இவை 'தமிழ்நாடு நீங்கலாக' இந்தியா முழுவதற்கும் என்று இருக்கிறது. போராட்டம் வென்றது. வெல்ல ஒரு களம் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. அந்தக் களத்தை 1949இல் வாங்கி வைத்தார்கள். 1963 சட்டத்தில் 'தொடரலாம்' என்றுதானே இருக்கிறது, 'தொடர வேண்டும்' என்று இல்லையே என அண்ணா நாடாளுமன்றத்தில் வாதாடினாரே, அந்த வாதத்துக்கு இடம் கொடுத்தது எது?

5. கருப்பு அங்கி

எல்லோரும் செப்டம்பர் 14ஐப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மறுநாளைப் பற்றிப் பேச வருகிறேன்.

மொழிக்காக மூன்று நாள் கொதித்த சபை, 15ஆம் தேதி தடுப்புக் காவலை எடுத்துக்கொண்டது. இன்றைக்குப் பிரிவு 22 என்று நாம் சொல்வதுதான் அது. அடிப்படை உரிமைகள் என்று தலைப்பிட்ட பகுதிக்குள், விசாரணையே இல்லாமல் ஒருவரைச் சிறையில் வைக்கும் அதிகாரத்துக்கு இடம் கொடுத்தார்கள். அடைபட்டவரை விடுவிக்கக் கோரும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்து பிழைப்பவன் நான். என்னைப் பொறுத்தவரை நாட்டின் பெரிய சமரசம் அன்றுதான் நடந்தது. அதற்கு ஆண்டு விழாவும் இல்லை, கண்டன நாளும் இல்லை.

அது வந்த வழி இப்படி. 1947இல் சபையின் குழுக்கள் எழுதிய வரைவில், 'உரிய சட்ட நெறிமுறை' இன்றி எவர் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று இருந்தது. அமெரிக்க வாசகம். அதன்படி, சட்டமே நியாயமற்றதாக இருந்தால் நீதிமன்றம் அதைத் தூக்கி எறியலாம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போனார். அங்கே நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரம் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தார். வரைவுக் குழு ஜப்பானிய அரசமைப்பிலிருந்து வேறொரு வாசகத்தை எடுத்துக்கொண்டது: 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை'. அதாவது, ஏதாவது ஒரு சட்டம் இருந்தால் போதும். நம் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் முதலில் பழைய வாசகத்தின் பக்கம் இருந்தவர், பிறகு மாறிவிட்டார். நிலச் சீர்திருத்தம், வாடகைக் கட்டுப்பாடு போன்ற சட்டங்களை நீதிமன்றம் முடக்கிவிடுமோ என்ற அச்சமும் பலருக்கு இருந்தது. முன்ஷி கடைசிவரை எதிர்த்தார். 1948 டிசம்பர் 13 அன்று அம்பேத்கர், எந்தப் பக்கம் போனாலும் ஆபத்து, சபையே முடிவு செய்யட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார். சபை புதிய வாசகத்தை ஏற்றது.

எதிர்ப்பு ஓயவில்லை. ஒன்பது மாதம் கழித்து, பறித்ததற்கு ஈடாக என்று சொல்லி அம்பேத்கர் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தார். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். நல்லது. ஆனால் தடுப்புக் காவல் என்றால் இவை இரண்டும் கிடையாது. காவல் தேவையா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்திடம் போகாமலே மூன்று மாதம் உள்ளே வைக்கலாம். லாகூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த பக்ஷி தேக் சந்த் கடுமையாக எதிர்த்தார். நடக்கவில்லை. இந்த உரிமைகளில் பல ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் பார்வையிலிருந்து எழுதப்பட்டவை என்று சோம்நாத் லாஹிரி 1947 ஏப்ரலிலேயே சபையில் சொன்னார். அவர் சபையில் இருந்த ஒற்றைக் கம்யூனிஸ்ட்.

குடியரசாகி ஒரு மாதம் ஆன அன்று, 1950 பிப்ரவரி 26இல், தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. சென்னை மாகாணச் சிறைகளில் 1947 டிசம்பரிலிருந்து அடைபட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் உச்ச நீதிமன்றம் போனார். மே 19இல் தீர்ப்பு: சட்டம் இருக்கிறது, நடைமுறை இருக்கிறது, போதும். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார், நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று. அவர் சொன்னது சரி என்று நாடு உணர 1978இன் மேனகா காந்தி வழக்குவரை ஆனது. அதே 1978இல் 44ஆவது திருத்தம் மூன்று மாதத்தை இரண்டு மாதமாகக் குறைத்தது. அந்த விதி இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் கொண்டுவரவில்லை.

பொருநைக்கரை ஐயா, இதையும் பெருமை என்பீர்களா?

6. நெல்வயல்

நான் அதிகம் படித்தவன் அல்லன். அதே வாரத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

செப்டம்பர் 10 அன்று நேரு சொத்துரிமைப் பிரிவைச் சபையில் வைத்தார். நிலத்தை எடுத்தால் இழப்பீடு தர வேண்டும் என்பது படேல் பக்கம். ஜமீன் ஒழிப்பை நீதிமன்றம் தடுக்கக் கூடாது என்பது நேரு பக்கம். இருவரும் ஒத்துக்கொண்ட வழி, இழப்பீடு உண்டு, ஆனால் ஜமீன் ஒழிப்புச் சட்டங்களுக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு உண்டு என்பது. அதில் ஆறாவது உட்பிரிவு, அரசமைப்புக்கு முந்தைய பதினெட்டு மாதத்துக்குள் வந்த மாகாணச் சட்டங்களை, குடியரசுத் தலைவர் சான்று கொடுத்தால், இழப்பீடு போதாது என்று நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்றது. நம் சென்னை மாகாண ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குக் குடை பிடித்தது அதுதான்.

எங்கள் தாத்தா இராமநாதபுரம் சீமையில் ஜமீன் நிலத்தில் பாடுபட்டவர். விளைச்சல் பொய்த்தாலும் வாரம் அளக்க வேண்டும். நிலம் தன் பெயருக்கே என்று சொல்லும் ரயத்துவாரிப் பட்டா கையில் வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு அடியில் வைத்தாராம். பீகாரில் 1951இல் உயர் நீதிமன்றம் அவர்கள் சட்டத்தை ரத்து செய்தது, பிறகு அரசமைப்புக்கே முதல் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. அறைக்குள் பேசி முடித்த ஒரு பத்தி எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. சமரசம் என்றாலே துரோகம் என்று சொல்லாதீர்கள்.

7. தென்முனை

செங்காந்தள், ஒரு வாக்குக் கதையை நான் இனிச் சொல்லமாட்டேன். திருத்தியதற்கு நன்றி.

நெல்வயல் அண்ணா, உங்கள் தாத்தாவுக்குப் பட்டா வந்தது எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த வயலில் கூலிக்கு நடவு நட்டவர்களுக்கு என்ன வந்தது? ஜமீன்தாருக்கு இழப்பீடு, குடியானவருக்குப் பட்டா. சேற்றில் நின்றவர்களுக்குப் பிரிவு 17. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்றது அது. சாதி ஒழிக்கப்பட்டது என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லையும் எழுதியிருந்தால் சபை தாங்கியிருக்காது என்று யாராவது சொல்லக்கூடும். சரி, அப்படித்தான் இருக்கட்டும். அப்படியானால் அங்கே யார் யாரைத் தாங்க வைத்தார்கள் என்று கேட்கிறேன். 1957 நவம்பர் 26 அன்று பெரியாரின் தொண்டர்கள் சாதியைக் காக்கும் பிரிவுகள் என்று சொல்லி அரசமைப்பை எரித்தார்கள். ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அவர்களைக் குற்றவாளிகளாக்கப் புதுச் சட்டம் ஒன்றை அந்த மாதமே போட்டார்கள். சபையில் இடம் கிடைக்காதவர்கள் வீதியில் எழுதிய திருத்தம் அது என்பேன்.

கருப்பு அங்கி சொன்னதும் இதுவே. மொழியில் தெற்கு கொஞ்சம் வாங்கியது. நிலத்தில் குடியானவர் கொஞ்சம் வாங்கினார். தடுப்புக் காவலில் யாரும் எதுவும் வாங்கவில்லை.

8. நெல்வயல்

கூலிக்கு வந்தவர்களுக்கு எதுவும் வரவில்லை. தம்பி சொல்வது உண்மைதான். எங்கள் வீட்டிலேயே அவர்களுக்குத் தனிக் குவளை இருந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

9. பொருநைக்கரை

இரண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன்.

வழக்கறிஞர் கேட்டதற்கு முதலில் காலத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். காந்தி கொலையுண்டு இருபது மாதம், ஹைதராபாத் நடவடிக்கை முடிந்து ஓராண்டு, தெலங்கானாவில் துப்பாக்கிச் சத்தம் அடங்கவில்லை, அகதி முகாம்கள் நிரம்பி வழிந்தன. அஞ்சியவர்கள் சட்டம் எழுதினார்கள். இது காரணம். ஆனால் இது நியாயம் ஆகாது என்பது எழுதும்போதே தெரிந்துவிட்டது. 1942இல் விசாரணையின்றி அடைபட்டவர்கள் அந்தச் சபையில் எத்தனையோ பேர். கம்பிக்குப் பின்னால் இருந்து வந்தவர்களே அந்தக் கம்பியைச் சட்டத்தில் நட்டார்கள். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன், இந்தப் பிரிவைப் பற்றி ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. தேர்வில் கேட்கமாட்டார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

மொழி விஷயத்தில் மட்டும் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆங்கிலம் நமக்கு வாங்கிக் கொடுத்தது ஏராளம்.

10. செங்காந்தள்

ஐயா, அந்தக் கடைசி வரியில்தான் நான் உங்களோடும் முரண்படுகிறேன், தென்முனையோடும் முரண்படுகிறேன்.

மூன்று நாள் விவாதத்தையும் படித்தால் ஒன்று புரிகிறது. சண்டை இந்திக்கும் ஆங்கிலத்துக்கும் நடந்தது. தமிழ் ஒன்றியத்தின் மொழிகளில் ஒன்றாக வேண்டும் என்பது பேரத்தின் மேசைக்கே வரவில்லை. எட்டாம் அட்டவணையில் பதினான்கு மொழிகளுள் ஒன்றாகப் பெயர் வந்தது. மாநிலத்துக்குள் வைத்துக்கொள்ளலாம் என்ற உரிமை வந்தது. 1956இல் நாமும் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் போட்டோம். அதற்கு மேல்? உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் ஆங்கிலத்தில் நடக்கும் என்றது பிரிவு 348. குடியரசுத் தலைவர் இசைந்தால் உயர் நீதிமன்றத்தில் மாநில மொழியைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வழியும் வைத்தது. இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்குக்கும் இந்திக்கு அந்த இசைவு கிடைத்தது. 2006இல் நம் சட்டமன்றம் தமிழுக்குக் கேட்டுத் தீர்மானம் போட்டது. கிடைக்கவில்லை.

சென்னை மாகாண உறுப்பினர்கள் ஓர் அணியாக உட்கார்ந்திருந்ததால் எண்களையும் ஆங்கிலத்தையும் வாங்க முடிந்தது. அந்த அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த வழக்கறிஞர்களும் நிர்வாகிகளும்தான். தங்களுக்கு எது இல்லாமல் முடியாதோ அதைக் கேட்டு வாங்கினார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழருக்கு நீதிமன்றத்தில் என்ன மொழி என்று அவர்களில் யாரும் முட்டி மோதவில்லை.

11. கருப்பு அங்கி

செங்காந்தள் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. பெயர், ஊர் எதுவும் சொல்லமாட்டேன்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா வந்தார். மகன் குண்டர் சட்டத்தில் உள்ளே இருந்தான். அந்தச் சட்டத்தில் பன்னிரண்டு மாதம்வரை வைக்கலாம். செப்டம்பர் 15ஆம் தேதிப் பிரிவின் பேரப்பிள்ளை அது. ஆட்கொணர்வு மனு போட்டோம். விசாரணை அன்று அந்த அம்மா நீதிமன்ற அறையின் கடைசி வரிசையில் நின்றார். அவருடைய மகனைப் பற்றித்தான் நாற்பது நிமிடம் பேசினோம். ஆங்கிலத்தில். செப்டம்பர் 14ஆம் தேதிப் பிரிவு அது. வெளியே வந்ததும் என் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளையைப் பற்றி என்னய்யா சொன்னார்கள்?" என்று கேட்டார். மகன் இருக்கும் இடத்தைப் பற்றியும் வரும் நாளைப் பற்றியும் ஊகித்துக்கொண்டே நின்றிருக்கிறார். ஒரு சொல்கூடப் புரியவில்லை.

ஆனால் அந்தப் பையன் வெளியே வந்ததும் ஒரு மொழிக் காரணத்தால்தான். இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிவு 22இன் ஐந்தாம் உட்பிரிவு, காவலுக்கான காரணங்களை அடைபட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் முறையிட வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. தெரிவிப்பது என்றால் அவருக்குப் புரியும் மொழியில் தெரிவிப்பது என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தி மட்டுமே தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் ஆணை கொடுத்த வழக்கு அது. எங்கள் வழக்கில் அந்தப் பையனுக்குக் கொடுத்த ஆவணக் கட்டில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழாக்கம் இல்லை. அதைக் காட்டினோம். ஆணை ரத்தானது. அதற்குள் ஏழு மாதம் ஓடிவிட்டது.

ஆகையால் நான் முன்பு கோபத்தில் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். ஈடாகக் கொண்டுவந்தது என்று இழிவாகச் சொன்ன அந்தப் பிரிவில், இந்த இரண்டு வரி மெய்யாகவே ஈடுதான். அதை அன்று விட்டிருந்தால் என் கையில் ஒன்றும் இருந்திருக்காது. தடுப்புக் காவலில் யாரும் எதுவும் வாங்கவில்லை என்று தென்முனை சொன்னது முழு உண்மையில்லை.

இப்போதும் ஒரு கட்டு மேசையில் இருக்கிறது. நானூற்றுச் சொச்சம் பக்கம். திங்கட்கிழமை வழக்கு. தமிழாக்கம் இல்லாத பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று நானும் என் இளையவரும் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.